என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை மழையோடு அடித்த சூறைக்காற்றில் கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுக் கூரைகள் பறந்ததைப் படத்தோடு செய்தியாகப் போட்டிருந்தீர்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுகளை நாலு பையன்கள் வெறும் கையால் அள்ளி டிராக்டரில் போடுகிறார்கள், ஒரு அம்மா மிச்சத் தூளைத் துடைப்பத்தால் கூட்டுகிறார், அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நிற்கிறது. எத்தனை வீடு சேதம், யார் வந்து பார்த்தார்கள் என்பதெல்லாம் செய்தியில் இருந்தது. அந்தத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. சில வருஷம் முன்னால் பார்த்திருந்தால் எனக்கும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. இப்போது அந்தப் படத்தில் எனக்குத் துடைப்பம் மட்டும்தான் தெரிகிறது.

எங்கள் ஊர் ராயக்கோட்டை பக்கம். அப்பா 1981-ல் ஓசூர் சிப்காட்டுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போக ஆரம்பித்தார். லேகிங் வேலை என்பார்கள். பாய்லர், நீராவிக் குழாய் இவற்றில் சூடு வெளியே போகாமல் இருக்க மேலே கனமாக ஒரு உறை கட்டுகிற வேலை அது. மூட்டை மூட்டையாக வெள்ளைப் பவுடர் வரும், அதைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, எங்கள் வீட்டில் அம்மா ராகிக் களி கிண்டி உருட்டுகிற பதத்துக்குக் கையாலேயே பிசைந்து, குழாய் மேல் அப்பிக் கொண்டே போக வேண்டும். கதவு இடுக்கில், மூடிகளின் விளிம்பில் சுற்றுவதற்குக் கயிறு வரும். பவுடரை அப்புவதும் கயிறு சுற்றுவதும் மட்டும் இல்லை, பழைய உறை வெடித்துப் போனால் அதை உளியால் கொத்தி எடுப்பதும் இவர்கள்தான், தூசி அதில்தான் அதிகம். மூட்டையைக் கொட்டும்போது எதிரில் நிற்பவர் முகம் தெரியாது என்று அப்பா சொல்வார். மூக்கைச் சுற்றி ஈரத்துண்டு கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். 1992-ல் ஒப்பந்ததாரர் மாறினார், அப்பா ஊரோடு வந்து தக்காளித் தோட்டத்தில் நின்றுவிட்டார். அந்தப் பதினோரு வருஷத்தை நாங்கள் எல்லோரும் மறந்தே போனோம்.

அந்தப் பவுடரும் கயிறும் கல்நார். ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் அதுதான் பெயர், பொருத்தமான பெயர். கல்தான், ஆனால் நார் நாராகப் பிரியும், பிரியப் பிரியத் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசாகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாது. வாசனை கிடையாது, மூக்கில் எரிச்சல் கிடையாது. மிளகாய் நெடி என்றால் உடனே தும்மி வெளியே ஓடிவிடுவோம், இது அப்படி எதையும் காட்டிக் கொடுக்காமல் நுரையீரலின் அடி வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுசாக வெளியே தள்ளவும் முடியாது. சிலருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிப் போகும், அதற்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். சிலருக்கு நுரையீரல் புற்றுநோய். இன்னும் சிலருக்கு நுரையீரலைச் சுற்றியிருக்கிற மெல்லிய உறையில் புற்று வரும், அது மீசோதீலியோமா. குரல்வளையிலும், பெண்களுக்குச் சினைப்பையிலும் கூட இதனால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார அமைப்பின் கீழ் இருக்கிற புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. இதெல்லாம் உள்ளே போனதும் வருவதில்லை. இருபது வருஷம், முப்பது வருஷம், நாற்பது வருஷம் கழித்துத்தான் வரும்.

அப்பாவுக்கு 41 வருஷம் கழித்து வந்தது. 2022 தீபாவளி சமயம் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். எக்ஸ்ரே எடுத்தால் வலது பக்கம் நீர் கோத்திருக்கிறது. ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள், லேசான ரத்த நிறத்தில் இருந்தது. காசநோயாக இருக்கும் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நம் பக்கம் நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள், நினைப்பதும் நியாயம், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் சளியிலும் கிருமி இல்லை, நீரிலும் கிருமி இல்லை, எடுக்க எடுக்க நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, மாத்திரை முடிந்தும் ஒரு மாற்றமும் இல்லை. அந்த ஆறேழு மாதத்தில் மூன்று இடத்தில் ஐந்து டாக்டர்களைப் பார்த்தோம். பீடி உண்டா, குடி உண்டா, சுகர் உண்டா, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. என்ன கூலி, எங்கே கூலி, எந்த வருஷம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் விட்ட வேலையை இருமலுக்குப் போன இடத்தில் யார் சொல்வார்கள்?

2023 ஜூலையில் பெங்களூருக்கு அழைத்துப் போனோம். நெஞ்சில் துளை போட்டுக் கேமரா விட்டு, உறையிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்கு முன்னாலேயே அங்கே ஒரு இளம் டாக்டர், ஓசூர் பக்கத்துப் பெண்தான், அப்பா கட்டிலில் வந்து உட்கார்ந்து, "சின்ன வயசுல என்னென்ன வேலை பார்த்தீங்கப்பா, முதல்லருந்து சொல்லுங்க" என்று கேட்டார். அப்பாவுக்கு அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டே ஒரே சந்தோஷம். லேகிங் வேலையை, பவுடர் பிசைந்ததை, கூட வேலை பார்த்தவர்கள் பெயரை, எல்லாவற்றையும் அரை மணி நேரம் சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். மீசோதீலியோமா என்று அடுத்த வாரம் உறுதியானது. கீமோ கொடுத்தார்கள். 2024 ஆடியில் அப்பா போய்விட்டார். இந்த நோய் கண்டுபிடித்த பிறகு பெரும்பாலானவர்கள் ஒரு வருஷம் சுமாருக்குத்தான் இருக்கிறார்கள் என்று சொன்னார்கள், அதே கணக்குதான்.

முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றால், அநேகமாக இல்லை. ஆறு மாதம் வேண்டாத மாத்திரையைத் தின்று வாந்தி எடுத்திருக்க மாட்டார், அது ஒன்று. இன்னொன்று பீடி. அப்பா பீடி பிடிப்பவர். 'பீடி பிடிச்சீங்க, அனுபவிக்கிறீங்க' என்று ஒரு டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். கடைசி மாதம் வரைக்கும் அப்பா அதை நம்பினார், நானே வாங்கி வைத்துக்கொண்டேன் என்று அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். பீடியால் மீசோதீலியோமா வராது. இதை இந்தக் கடிதத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று கூட எனக்கு ஆசை. நுரையீரல் புற்றுநோய் வேறு, அதில் பீடிக்கும் கல்நாருக்கும் சேர்மானம் உண்டு. அமெரிக்காவில் அப்பா பார்த்த அதே லேகிங் வேலைக்காரர்களை வைத்து நடந்த ஆய்வு 1979-ல் வெளியானது. இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் கல்நார் மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்றுநோயால் சாவு ஏறக்குறைய ஐந்து மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்குப் பத்து மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு ஐம்பது மடங்கு என்று அதில் கண்டார்கள். அதனால் அந்தக் காலத்தில் இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பீடி சிகரெட்டை இன்றைக்கே விட்டுவிடுங்கள், உள்ளே போன நாரை எடுக்க முடியாது, இதையாவது நிறுத்தலாம்.

அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் இர்விங் செலிகாஃப் என்ற டாக்டர். அமெரிக்காவிலும் கனடாவிலும் லேகிங் தொழிலாளர் சங்கத்தில் இருந்த 17,800 பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து, யார் எதனால் இறந்தார்கள் என்று குறித்தார். சங்கத்தில் உறுப்பினர் பட்டியல் இருந்ததால் அதைச் செய்ய முடிந்தது. எங்கள் அப்பா பெயர் எந்தப் பட்டியலில் இருந்தது? இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் கல்நார் ஆலையில் வேலை பார்த்து 33 வயதில் 1924-ல் இறந்தார், நுரையீரலை அறுத்துப் பார்த்துக் காரணம் இந்தத் தூசி என்று மருத்துவப் பத்திரிகையிலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் அப்பா கையால் பிசைய ஆரம்பித்தது அதற்கு 57 வருஷம் கழித்து. இது ஆபத்து என்று உங்களிடம் யாராவது ஒரு தரம் சொன்னார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "சட்டையை உதறிட்டுப் போங்க, பஸ்ல ஏத்த மாட்டான்னு சொல்வாங்க" என்றார்.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அகமதாபாத்தைச் சேர்ந்த ஒரு நுகர்வோர் அமைப்பு போட்ட வழக்கில் 1995 ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தருகிற வாழ்வுரிமையில் அடக்கம், கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும், நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றெல்லாம் அதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா சேர்ந்தது 1981, நாற்பது வருஷம் என்றால் 2021. மூச்சு வாங்கியது 2022. அப்பா கல்நார் ஆலைத் தொழிலாளியாகவே இருந்து, ஆலை தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து மதித்திருந்தாலும், அவர் பதிவை ஒரு வருஷம் முன்னால் கிழித்துப் போட்டிருக்கலாம். இத்தனைக்கும் அவர் ஒப்பந்தக் கூலி. அவருக்குப் பதிவும் இல்லை, இஎஸ்ஐ அட்டையும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. கல்நாரால் வரும் நுரையீரல் நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் தொழில் சார்ந்த நோய் என்ற பெயரில் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அந்த வேலையைப் பார்த்தேன் என்று நிரூபிக்க ஒரு காகிதம் வேண்டுமே. அந்த ஒப்பந்ததாரர் இறந்து வருஷமாயிற்று. தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டேன், பழைய ஆள் யாரும் இல்லை என்று வாட்ச்மேன் கேட்டிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

சரி, பழைய கதை என்று விட்டுவிடலாமா? கல்நாரைத் தோண்ட நம் நாட்டில் எண்பதுகளிலேயே புதிய சுரங்க உரிமம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து வாங்குவதை நிறுத்தவில்லை. சமீப வருஷங்களில் வருஷத்துக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில் என்று வாங்கிக்கொண்டிருக்கிறோம். பிரேசில் தன் மக்களுக்கு வேண்டாம் என்று 2017-ல் நீதிமன்றத்திலேயே தடை போட்டுவிட்டு நமக்கு ஏற்றுமதி மட்டும் செய்கிறது. கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்திருந்த சுரங்க நகரம் 2020-ல் அந்தப் பெயரே வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தடை. கூரைச் சீட்டில் சேர்க்கிற வெள்ளைக் கல்நார் ஆபத்தில்லை, சிமெண்ட்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது என்று விற்பவர்கள் சொல்வார்கள். எந்த நிறத்துக் கல்நாராக இருந்தாலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்றுதான் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது, வேலை இடத்தில் இதைச் சுவாசித்ததால் மட்டும் உலகத்தில் வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் சாகிறார்கள் என்றும் சொல்கிறது. சிமெண்ட்டுக்குள் கட்டுண்டது கட்டிங் வீல் படும் வரைக்கும்தான்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் அந்த வீல் ஓடாத ஊர் எது? சீட் வீடு, மாட்டுக் கொட்டகை, கோழிப் பண்ணை, மாங்கூழ் தொழிற்சாலை ஷெட், லாரி பட்டறை, எல்லாவற்றுக்கும் இதே கூரைதான். சீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார். மேஸ்திரி கூட வருகிற பதினெட்டு வயதுப் பையன் கிரைண்டரால் சீட்டை அறுக்கும்போது புகை மாதிரி கிளம்புகிறதே, அதைத்தான் சொல்கிறேன். பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள், அதில் பழைய கட்டடம் இடிக்கிற வேலையும் உண்டு, பழைய ஷெட்டுகளின் கூரையைச் சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே தள்ளுகிறார்கள். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரப் பட்டறைகளில் லாரியின் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் முதல் காரியமாக ஏர் அடித்துத் தூசியை ஊதுவார்கள். பழைய பிரேக் லைனரிலும் கிளட்ச் பிளேட்டிலும் கல்நார் இருந்தது, பட்டறைப் பையனுக்கு எந்த லைனரில் இருக்கிறது எதில் இல்லை என்று எப்படித் தெரியும்?

பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. வீட்டுக் கூரை உடையாமல், அரிக்காமல் நன்றாக இருந்தால் அதன் கீழே படுத்துத் தூங்குகிறவர்கள் இன்றைக்கே கழற்ற வேண்டியதில்லை, அவசரப்பட்டுக் கழற்றுவதுதான் கூடுதல் ஆபத்து. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளை போடும்போதும் கூட்டும்போதும்தான் நார் பறக்கிறது. சீட்டைத் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், கிரைண்டர் போடாமல் கைரம்பத்தால் மெதுவாக அறுங்கள், போல்ட்டைக் கழற்றி முழுச் சீட்டாக இறக்குங்கள், மேலிருந்து வீசாதீர்கள். தூளை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவிட வேண்டும். துண்டோ, கொரோனா காலத்து நீல மாஸ்க்கோ இதற்குப் பிரயோஜனம் இல்லை, நுண்ணிய தூசியை வடிகட்டுகிற, முகத்தோடு ஒட்டி நிற்கிற முகக்கவசம்தான் வேண்டும். உடைந்த சீட்டைக் குழியில் கொட்டி ரோடு போட ஜல்லியாக்குவதை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பட்டறைக்காரர்கள் ஏர் அடிப்பதை விட்டு ஈரத்துணியால் டிரம்மைத் துடைக்கலாம், இரண்டு நிமிஷம்தான் கூட ஆகும். அப்புறம் வேலைத் துணியை வேலை இடத்திலேயே மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அப்பாவின் காக்கிச் சட்டையைப் பதினோரு வருஷம் துவைத்தது அம்மா. தண்ணீரில் போடுவதற்கு முன்னால் வாசலில் நின்று படார் படார் என்று உதறுவார், வெள்ளையாகத் தூசி பறக்கும், நான் சின்னப் பெண், காலுக்கடியில் விளையாடிக்கொண்டிருப்பேன். ஆலை வாசலையே மிதிக்காத மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும், வேலைத் துணியில் வந்த நாரினாலேயே மீசோதீலியோமா வந்திருப்பது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அம்மாவுக்கு இப்போது 66 வயது. வருஷத்துக்கு ஒரு தரம் எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போகிறேன். ஏன் எடுக்கிறோம் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அரசிடம் கேட்பது இரண்டு. கல்நார் இல்லாத சிமெண்ட் சீட்டுகள் வந்துவிட்டன, தகரச் சீட்டு இருக்கிறது, ஓடு இருக்கிறது. ஏழைகள் வாங்குகிற விலையில் அவற்றைக் கொடுத்துவிட்டு இதை நிறுத்தச் சொல்கிறேன், கொடுக்காமல் நிறுத்தினால் கூரை போவது எங்களைப் போன்றவர்களுக்குத்தான். முதலில் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை என்று அரசுக் கட்டடங்களிலிருந்து தொடங்கலாம். இதற்குக் காசு ஆகும், காலம் ஆகும், தெரியும்.

இரண்டாவதற்குக் காசே ஆகாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட்டில் தொடங்கி வைத்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்த ஊழியர்கள் எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள், அம்மாவுக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், பொறுமையாகப் பேசுகிறார்கள், அவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. அவர்கள் கையில் இருக்கிற படிவத்திலும், ஆஸ்பத்திரி ஓபி சீட்டிலும் ஒரே ஒரு வரி சேருங்கள்: இதற்கு முன் என்னென்ன வேலை, எந்த வருஷம், என்ன பொருளைக் கையாண்டார். ஐம்பது வயதுக்கு மேல் மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் நீர் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் அதைக் கேளுங்கள். நம் ஊரில் இந்த நோய் அதிகம் இல்லை என்று சொல்கிறார்கள், கேட்டால்தானே இருக்கிறதா இல்லையா என்று தெரியும். எண்பதுகளில் சிப்காட்டில் லேகிங், பாய்லர், பிரேக் லைனர் வேலை பார்த்தவர்களும் சும்மா இருக்க வேண்டாம், எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம், யார் ஒப்பந்ததாரர், கூட யார் யார் என்று ஒரு தாளில் எழுதி, கூட வேலை பார்த்தவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இருமல் வந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

அப்பா அன்றைக்குப் பெங்களூரில் சொன்ன பெயர்களை நானும் எழுதி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் அப்பாவோடு சேர்த்து ஏழு பேர். விசாரித்ததில் நாலு பேர் முன்னாலேயே இறந்துவிட்டார்கள், எதனால் என்று வீட்டில் கேட்டால் நெஞ்சுச் சளி, டிபி, மூச்சு என்கிறார்கள். ஒருவர் மகனோடு திருப்பூர் போய்விட்டார். மிச்சம் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, பாலக்கோடு பக்கத்தில் இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். திண்ணையில் சுவரில் சாய்ந்துதான் உட்காருகிறார், இரண்டு வாக்கியம் பேசினால் நிறுத்தி மூச்சு வாங்குகிறார். காசநோய் மாத்திரை மூன்றாவது மாதம் ஓடுகிறதாம். லேகிங் வேலையை டாக்டரிடம் சொன்னீர்களா சித்தப்பா என்றேன். "அத எதுக்கும்மா அவங்க கேக்கப் போறாங்க" என்றார். ஓபி சீட்டை வாங்கிப் பார்த்தேன். தொழில்: விவசாயம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.